நுரைச்சோலையும் நம்ம லயத்து மெயின் சுவிட்சும்

கரண்ட் போனதும் லயத்தில் யாராவது ஒருவர், "நுரைச்சோலை மறுபடியும் படுத்துருச்சு போல" என்பார். நம்மில் பலர் அந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லை. புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக்குப் போகும் வழியில் கடலோரமாக இருக்கிறது. அங்குள்ள லக்விஜய அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 2011ல் இயங்கத் தொடங்கியது. 2014ல் மூன்று அலகும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது.

ஆனால் எல்லாப் பழியையும் நுரைச்சோலை மேல் போடுவது நியாயமில்லை. 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி நாடே இருண்டதற்குக் காரணம், கெரவலப்பிட்டி உப மின்நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த ஒரு தவறு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டது. இரண்டு தடவையும் நுரைச்சோலை அலகுகள் நின்றுபோயின. கொதிகலன் உள்ள நிலையம், ரோலர் மோட்டாரைப் போடுவதுபோல் உடனே போட்டுவிட முடியாது. சில நாட்கள் மின்வெட்டைச் சகிக்க வேண்டியதாயிற்று.

குரங்கிடம் சான்றிதழ் கேட்க முடியாது. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு படி தவறினால் இந்தக் கதி. அப்படியானால் யாருமே சோதித்துப் பார்க்காத நம்ம லயத்து வயரிங் எப்படி இருக்கும்? ஒரு காம்பராவில் நெருப்புப் பிடித்தால், கூரை ஒன்றுதானே, வரிசை முழுக்கப் போய்விடும்.

"பல்ப் எரியுது, அப்புறம் என்ன சோதனை?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். எர்த் கம்பி நட்ட இடத்தில் மண்ணின் தடை 100 ஓம் என்று வையுங்கள். இஸ்திரிப்பெட்டியின் உடம்பில் கரண்ட் பாய்ந்தால் மண்ணுக்குப் போவது 230ஐ 100ஆல் வகுத்தது, அதாவது 2.3 அம்பியர். 15 அம்பியர் பியூஸ் இதற்கு எரியாது. பெட்டி கரண்டோடு அப்படியே இருக்கும், பிள்ளை தொடும். ஆனால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் பட்டென்று விழும். அதுவும் 0.3 செக்கனுக்குள் விழவேண்டும் என்பது விதி.

ட்ரிப் சுவிட்சில் உள்ள பரிசோதனைப் பொத்தானை அமத்திப் பார்த்தால் போதாதா? போதாது. அது அந்தச் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மட்டும் காட்டும். எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தானுக்குச் சுவிட்ச் விழும்.

அதனால்தான் முறையான சோதனைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கண்ணால் பார்ப்பது: கருகிய பிளக், பியூசுக்குப் பதிலாகச் சுற்றிய செம்புக்கம்பி, எலி கடித்த வயர். பாதிப் பிழை இங்கேயே அகப்படும். பிறகு மெயினை நிறுத்தி, எர்த் கம்பி கடைசிவரை அறாமல் போகிறதா என்று பார்ப்பது. அடுத்தது மெகர் சோதனை. பல்ப், ரேடியோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் நேரோட்டம் கொடுத்தால், வயரின் காப்பு குறைந்தது 1 மெகா ஓம் காட்டவேண்டும். மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்கடியில் இது சடாரென்று இறங்கும். சுவிட்ச் சரியான வயரில்தான் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். இவையெல்லாம் முடிந்த பின்புதான் கரண்டைக் கொடுத்து எர்த் சுற்றையும் ட்ரிப் நேரத்தையும் அளப்பது. ஒழுங்கை மாற்றினால் சோதிக்கிறவருக்கே ஆபத்து.

இன்னொன்று. கரண்ட் இல்லை என்று உறுதிப்படுத்த, டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், மறுபடி கரண்ட் உள்ள இடத்தில். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால்? பெரிய மின்நிலையமானாலும் ஒற்றைக் காம்பராவானாலும் இந்தப் பழக்கம் ஒன்றுதான்.

இனி படிப்பு. இலங்கையில் தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) ஏழு மட்டம் கொண்டது. மின்னியலாளர் தொழிலில் மூன்றாம், நான்காம் மட்டச் சான்றிதழ்கள் பெறலாம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. தொழிற்பயிற்சி அதிகாரசபையும், தொழில்நுட்பக் கல்லூரிகளும், பயிலுனர் பயிற்சி அதிகாரசபையான நைட்டாவும் இதற்கு வழிகாட்டும். பெண் பிள்ளைகளும் தாராளமாகச் சேரலாம்.

பிரித்தானியாவில் வயரிங் தெரிந்தவர் சோதனை செய்வதற்கென்றே சிட்டி அன்ட் கில்ட்ஸ் 2391 என்ற தனிப் பரீட்சை எழுதுவார். கம்பி இழுக்கத் தெரிவது வேறு, இழுத்த கம்பியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது வேறு என்பதுதான் இதன் பொருள். நம் ஆட்கள் பலர் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுப்பதில்லை. எனக்கு அது வருத்தமே.

தோட்டத் தொழிற்சாலையில் பத்துப் பதினைந்து வருஷம் அண்ணன்மார் பக்கத்தில் நின்று பழகியும், "எனக்குச் சான்றிதழ் இல்லீங்க" என்று ஒதுங்குபவர்கள் உண்டு. அவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைகளுக்கான அத்தாட்சி, தோட்ட நிர்வாகத்தின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி இவற்றைச் சேர்த்து விண்ணப்பித்தால் மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டலாம். தமிழில் மதிப்பீடு வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கொடுங்கள். அங்கே பலர் தடுமாறுவது மெகர் சோதனையில்தான். ஆகவே போகுமுன் தொழிற்சாலையில் உள்ள மெகரை, பொறுப்பானவரின் அனுமதியோடு, நாலைந்து தடவை கையில் எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். கிடைத்த அளவை ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். மதிப்பீட்டாளரிடம் காட்ட அதுவும் உதவும்.