பழைய ஐ5 கம்ப்யூட்டர்: வெச்சுக்கலாமா, மாத்தலாமா? ஒரு காஞ்சிபுரம் கணக்கு



காஞ்சிபுரத்தில் சின்னதா ஒரு பட்டுச் சேலைக் கடை, பின்னாடி ரூம்ல டிசைன் வேலை, நடுவுல ஒரு பழைய கம்ப்யூட்டர். இப்படி ஒரு தொழிலை மனசுல வெச்சுக்கிட்டு இந்தக் கட்டுரையைப் படிங்க. உள்ளே இருக்கிறது இன்டெல் ஐ5-4570. 2013-ல் வந்த நாலாம் தலைமுறை புராசஸர். பில் போடுறது, ஜிஎஸ்டி தாக்கல், நெட் பேங்கிங், சேலை டிசைன் எல்லாமே அதில்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11 போடணும்னா இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அதுக்கு மேலதான் அதிகாரபூர்வமா ஏத்துக்குறாங்க. "புதுசு வாங்கிடுங்க சார், 40,000-க்கு செட் பண்ணித் தர்றேன்"னு சர்வீஸ் பண்றவர் சொல்றார்.

அந்த 40,000 சும்மா கிடக்கிற பணம் இல்லை. முகூர்த்த சீசனுக்கு முன்னாடி பட்டு நூலுக்கும் ஜரிகைக்கும் போக வேண்டிய பணம். ஒரு பாவு போட்டால் மூணு சேலை வரும். அந்தச் சேலை வித்தால் லாபம். கம்ப்யூட்டர் அப்படி எதையும் நெய்து தராது. அதனால "பழசாயிடுச்சு" என்கிற ஒரே காரணத்துக்காகப் பணத்தை எடுக்கக் கூடாது.

முதல்ல, புராசஸர்தான் பிரச்சினையா?

"சிஸ்டம் ஸ்லோ" என்று சொல்பவர்களில் நிறைய பேருக்கு உண்மையில் ஸ்லோவா இருக்கிறது ஹார்ட் டிஸ்க். இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணு பட்டனையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு 30, 40 சதவீதத்தில் இருந்து, டிஸ்க் மட்டும் 100-லேயே நின்னா, உங்க புராசஸர் சும்மா உட்கார்ந்து டிஸ்க்குக்காகக் காத்திருக்குன்னு அர்த்தம். மெமரி 90-க்கு மேல நின்னா ரேம் போதலை. இந்த ரெண்டும் சில ஆயிரத்தில் தீரும். சிபியு 100-ல நிமிஷக்கணக்கா நின்னாதான் புராசஸரைக் குறை சொல்லலாம்.

டிசைன் வேலைக்குப் பெரிய புராசஸர் வேணும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க. 240 கொக்கி ஜக்கார்டுக்கு ஒரு டிசைன், அதில் 600 ஊடை இழைன்னு வைங்க. கிராஃப் தாளில் எத்தனை கட்டம்? 240 × 600 = 1,44,000. உங்க செல்போன் எடுக்கிற 12 மெகாபிக்சல் போட்டோவில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அதாவது ஒரு சாதாரண போட்டோவில் இருக்கிறதில் எண்பதில் ஒரு பங்குதான் உங்க பார்டர் டிசைன். 600 அட்டை குத்துறதுக்கான கணக்கை 2013 புராசஸர் மூச்சு வாங்காம செய்யும். (1804-ல் ஜக்கார்டு தறிக்கு வந்த அந்தத் துளை அட்டைதான் பிற்காலத்தில் கணக்கு இயந்திரங்களுக்கும் போனது. கம்ப்யூட்டருக்கு நம்ம தறி தாத்தா முறை!)

புராசஸர் திணறுகிற இடம் வேற: வீடியோ. சேலையைக் காட்டி வீடியோ எடுத்து, எடிட் பண்ணி, நேரலையில் விற்கிறவங்களுக்கு நாலாம் தலைமுறை போதாது. ஏவி1 மாதிரி புது வீடியோ வடிவங்களைத் தனியாப் பிரிச்சுக் காட்டும் வசதி இன்டெல்லில் பதினோராம் தலைமுறையில்தான் வந்தது. பழசில் அந்த வேலை முழுக்க சிபியு தலையில் விழும். தினமும் வீடியோ வேலை உங்களுக்கு வருமானம் தருதுன்னா, இந்தக் கட்டுரையின் மீதிக் கணக்கு உங்களுக்கு இல்லை. புதுசு வாங்குங்க.

கரண்ட் பில் மிச்சமாகுமா?

விற்கிறவங்க அடிக்கடி சொல்ற வாதம் இது. ஐ5-4570-ன் அட்டைப் பெட்டியில் 84 வாட் என்று இருக்கும். எப்பவும் 84 வாட் இழுக்குதுன்னு அர்த்தம் இல்லை, பில் போடும்போது அதில் பாதி கூட வராது. தாராளமாவே கணக்குப் போடுவோம். புது மெஷினைவிட பழசு 40 வாட் கூட இழுக்குது, தினம் 9 மணி நேரம், வருஷம் 300 நாள். 108 யூனிட். கடை இணைப்பில் யூனிட் 10 ரூபாய்னு வைத்தால் வருஷத்துக்கு 1,080 ரூபாய். அதுக்காக 40,000 போட்டால், போட்ட பணம் திரும்ப 37 வருஷம் ஆகும்.

வரி மிச்சம்?

கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் 40% தேய்மானம் உண்டு. 40,000-க்கு முதல் வருஷம் 16,000 செலவாகக் காட்டலாம். உங்க வரி விகிதம் 5% என்றால் மிச்சம் 800 ரூபாய், 16,000 இல்லை! 44ஏடி என்று நாம் பழகிய உத்தேச வருமான முறையில் தாக்கல் செய்கிறவங்களுக்கு அதுவும் தனியாக் கிடையாது. தேய்மானம் அந்த சதவீதத்துக்குள்ளேயே அடக்கம். ஜிஎஸ்டி பக்கம் கொஞ்சம் நல்லது. கம்ப்யூட்டருக்கு 18%, அதாவது 40,000-க்கு 7,200. வழக்கமான பதிவில் இருந்தால் அதை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம்; காம்போசிஷனில் இருந்தால் முடியாது. எடுத்துக்கிட்ட 7,200-க்குத் தேய்மானம் கேட்கக் கூடாது.

அப்போ உண்மையான செலவு எங்கே?

பாதுகாப்பில். இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராத்தான் இருப்பேன். பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸில் நெட் பேங்கிங் செய்யாதீங்க. மைக்ரோசாஃப்ட் நீட்டிப்பு அப்டேட் தருது. தனிநபர் கம்ப்யூட்டருக்கு 30 டாலர் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை சேமித்தால் இலவசம், 2026 அக்டோபர் 13 வரை. நிறுவனங்களுக்கு முதல் வருஷம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பு. கடைக் கம்ப்யூட்டர் தனிநபர் கணக்கில் வராது.

இப்போ மாதச் செலவாப் பிரிச்சுப் பார்ப்போம். விலைகள் என் உத்தேசம். நீங்க விசாரிச்ச விலையைப் போட்டுக்குங்க.

புதுசு 40,000, ஆறு வருஷம்: மாதம் 555.

பழசுக்கு எஸ்எஸ்டி, ரேம் 5,000, இன்னும் ரெண்டு வருஷம்: மாதம் 208. கூடுதல் கரண்ட் 90. மொத்தம் 298.

அதே பழசு, 61 டாலர் நீட்டிப்போட (5,400-ன்னு வைத்தால் மாதம் 450): 748. புதுசைவிட ஜாஸ்தி!

எட்டாம் தலைமுறை, கம்பெனிகள் கழிச்ச புதுப்பிச்ச மெஷின் 15,000, மூணு வருஷம்: மாதம் 417.

கணக்கு என்ன சொல்லுது? பழசை இன்டர்நெட்டில் இருந்து பிரிச்சு டிசைனுக்கு மட்டும் வெச்சா ரொம்ப லாபம். டிசைன் சாஃப்ட்வேர் பெரும்பாலும் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் இது வசதியும் கூட. எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு பென் டிரைவில் டிசைன் கொண்டு போறவங்க, அந்த பென் டிரைவை வேற எந்த மெஷினிலும் சொருகாதீங்க. நெட் இல்லாட்டியும் வைரஸ் வர்ற வழி அதுதான். பேங்க், ஜிஎஸ்டி வேலைக்கு எட்டாம் தலைமுறை பழசு ஒண்ணு. அப்பவும் கையில் 20,000 மிச்சம், அது நூலுக்குப் போகட்டும். டேலி வேண்டாம், பிரவுசர் போதும்னா, பழசிலேயே லினக்ஸ் மின்ட் போட்டு சும்மா ஓட்டலாம். தனி உரிமையாளர்கள் ஓடிபி வழியா ஜிஎஸ்டி தாக்கல் செய்யலாம், அதுக்கு லினக்ஸ் தடையில்லை. டேலி மட்டும் நேரடியா லினக்ஸில் ஓடாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கறவங்களுக்கு: "ஐ7 சார்!" என்று சொன்னா மயங்காதீங்க. ஐ7-க்குப் பின்னாடி இருக்கிற எண்ணைப் படிங்க. ஐ7-3770 என்றால் மூணாம் தலைமுறை, 2012. ஐ5-8400 என்றால் எட்டு. ஐ3-12100 என்றால் பன்னிரண்டு, அது அந்த ஐ7-ஐ சுலபமா முந்தும். மூணே இலக்கம் இருந்தால், உதாரணம் ஐ7-870, அது 2009 சரக்கு. கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் என்றால் பேச்சே வேண்டாம். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு அதில் பூட் கூட ஆகாது. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி மெஷினை ஆன் பண்ணச் சொல்லி, செட்டிங்ஸில் "அபவுட்" பக்கத்தில் புராசஸர் பெயரை நீங்களே பாருங்க, டிபிஎம் 2.0 இருக்கான்னும் பாருங்க. ஜிஎஸ்டி பில் கேளுங்க, பில் இல்லாட்டி உள்ளீட்டு வரியும் இல்லை. தேய்மானம் காட்டறவங்க அக்டோபர் தொடக்கத்துக்கு முன்னாடியே வாங்கிப் பயன்படுத்த ஆரம்பிங்க. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாப் பயன்படுத்தினா 40% பாதியாகி 20% தான் கிடைக்கும்.