பட்டறையில் பிறந்த ஆங்கிலம்
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



"கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்" என்கிறோம். இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றி ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் நீட்டினான் என்று கேட்பார்! ஓடிப்போனான் என்ற பொருள் கம்பியிலும் இல்லை, நீட்டுவதிலும் இல்லை, வழக்கில் இருக்கிறது. இதைத்தான் பள்ளியில் மரபுத்தொடர் என்று படித்தோம். ஆங்கிலத்தில் 'இடியம்' என்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு இங்கே வந்த நம்மில் பலருக்கு இடியம் என்றாலே பயம். கைடில் உள்ள நூறையும் மனப்பாடம் பண்ணுகிறோம். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகிறது. இன்டர்வியூவில் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னால், எல்லா வார்த்தையும் தெரிந்தும் அர்த்தம் தெரியாமல் முழிக்கிறோம்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ஆங்கில இடியங்களில் பல, நாம் தினமும் நிற்கிற ஒர்க்ஷாப் மாதிரி இடங்களில் பிறந்தவை. வேலை தெரிந்தவனுக்கு அர்த்தம் தானாக வரும். சிலவற்றைப் பார்ப்போம்.

1. உலைக்களம்

"ஸ்ட்ரைக் வைல் தி அயர்ன் இஸ் ஹாட்." ஸ்மித்தியில் நாம் செய்வதுதான். இரும்பு செக்கச் செவேலென்று இருக்கும்போது அடித்தால் சொன்னபடி வளையும். ஆறிய பிறகு அடித்தால் கைதான் வலிக்கும். வாய்ப்பு இருக்கும்போதே பயன்படுத்து என்பது பொருள். 14-ஆம் நூற்றாண்டிலேயே சாசர் என்ற ஆங்கிலக் கவிஞரின் எழுத்தில் இந்தக் கருத்து வருகிறது. இதையே நம் ஊர் உழவர் களத்துமேட்டில் நின்று, "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றார்.

"டூ மெனி அயர்ன்ஸ் இன் தி ஃபயர்." ஒரே உலையில் ஏகப்பட்ட இரும்பைச் சொருகி வைத்தால் ஒன்றை அடிப்பதற்குள் இன்னொன்று கருகிவிடும். ஒரே சமயத்தில் பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்பவனைப் பற்றிச் சொல்வது. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்ற நம் பழமொழி இதற்கு ரொம்பப் பக்கம்.

2. பாய்லர்

"லெட் ஆஃப் ஸ்டீம்." பாய்லரில் அழுத்தம் அளவுக்கு மீறினால் சேஃப்டி வால்வ் திறந்து நீராவியை வெளியே விடும். இல்லாவிட்டால் பாய்லரே வெடித்துவிடும். மனசுக்குள் அடக்கி வைத்த கோபத்தையோ வேகத்தையோ வெளியே விடுவது இதன் பொருள். "ஆஃப்டர் தி எக்ஸாம், தி பாய்ஸ் பிளேட் கபடி டு லெட் ஆஃப் ஸ்டீம்" என்று எழுதலாம். "ரன் அவுட் ஆஃப் ஸ்டீம்" என்றால் தெம்பு தீர்ந்துபோவது.

3. ட்ராயிங் ஹால்

"பேக் டு தி ட்ராயிங் போர்டு." போட்ட திட்டம் தோற்றுவிட்டது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பொருள். 1941-இல் 'நியூயார்க்கர்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் பீட்டர் ஆர்னோ ஒரு கேலிச்சித்திரம் போட்டார். புது விமானம் நொறுங்கிக் கிடக்கிறது. எல்லோரும் அதை நோக்கி ஓடுகிறார்கள். சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இன்ஜினியர் மட்டும் எதிர்த்திசையில் நடக்கிறார். அதன் கீழே இருந்த வாசகத்திலிருந்துதான் இது பரவியது. ஷீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி வரைந்த நமக்கு இதற்கு அகராதி வேண்டுமா?

4. இன்னும் சில

ஆசிட் டெஸ்ட்: நைட்ரிக் அமிலம் செம்பை அரிக்கும், தங்கத்தை அரிக்காது. உண்மையை முடிவாகக் காட்டும் சோதனை. நமக்கு உரைகல்.

நட்ஸ் அண்ட் போல்ட்ஸ்: ஒரு வேலையின் அடிப்படை நடைமுறை விவரங்கள்.

ஸ்பேனர் இன் தி ஒர்க்ஸ்: ஓடுகிற வேலையைக் கெடுக்கும் இடைஞ்சல். அமெரிக்காவில் ஸ்பேனருக்குப் பதில் மங்கி ரெஞ்ச் என்பார்கள்.

ஃப்ளாஷ் இன் தி பேன்: இது வாணலி இல்லை. பழைய துப்பாக்கியில் பற்றவைக்கும் மருந்து போடும் சிறு கிண்ணம். அந்த மருந்து மட்டும் பளிச்சென்று எரிந்து, குண்டு கிளம்பாமல் போவது. ஒரு தடவை ஜொலித்துவிட்டு அடங்கிப்போகிறவரைக் குறிக்கும்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, வார்த்தையை மாற்றக் கூடாது. அயர்னுக்குப் பதில் ஸ்டீல் போட்டால் இடியம் செத்துப்போகும்.

இரண்டாவது, தமிழ்ப் பேச்சை வைத்து ஊகிக்கக் கூடாது. "ஃப்யூஸ் போன ஆள்" என்றால் நமக்குத் தெம்பு இல்லாதவர். ஆங்கிலத்தில் "ப்ளோ எ ஃப்யூஸ்" என்றால் கடுங்கோபம் கொள்வது. முழு வாக்கியத்தையும் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, லேப் ரெக்கார்டில் இடியம் வேண்டாம். பாய்லர் பற்றிய குறிப்பில் ஸ்டீம் என்றால் ஸ்டீம்தான்.

படிக்கும் முறை சுலபம். ஒரு நோட்டில் இடியம், அது பிறந்த இடம், நிகரான தமிழ் வழக்கு, சொந்த வாக்கியம் ஒன்று என நான்கையும் எழுதுங்கள். வாரம் மூன்று போதும். வருஷத்தில் நூற்றைம்பது சேரும்.

நண்பர்களே, ஆங்கிலம் பெரிய இடத்துப் பிள்ளைகளின் சொத்து, நம் வீட்டுக்கு வராது என்று ஒதுங்குகிறோம். இந்த இடியங்களின் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். கொல்லர், ஃபிட்டர், பாய்லர்காரர்: நம் அப்பா, மாமாக்களைப் போல் கை காய்த்தவர்கள். அவர்கள் வேலையிலிருந்து வந்த மொழியை, அதே வேலையைப் படிக்கும் நாம் பேச ஏன் கூச வேண்டும்? உலை சூடாக இருக்கிறது, சுத்தியலை எடுங்கள்!