சோளப்பாம்பு வளர்ப்பு: கூண்டு முதல் குஞ்சு வரை

முதலில் தெர்மோஸ்டாட்டை வாங்குங்கள். பாம்பு கடைசியில் வரட்டும். கூண்டைத் தயாராக்கி, ஒரு வாரம் வெறுமனே ஓடவிட்டு, வெப்பநிலை நிலையாக நிற்கிறது என்று உறுதியான பிறகுதான் பாம்பை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். புதிதாக வளர்ப்பவர்களிடம் பாம்புகள் நோய்ப்படுவதற்கு இந்த வரிசை தலைகீழாக நடப்பதே பெரும்பாலும் காரணம்.

சோளப்பாம்பின் தாயகம் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. நஞ்சு கிடையாது, எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி நீளம் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். பள்ளிக்குப் போகும் பிள்ளை ஆசைப்பட்டதற்காக வாங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: அந்தப் பிள்ளை படிப்பு முடித்து வேறு ஊருக்குப் போன பிறகும் பாம்பு வீட்டில் இருக்கும்.

உங்கள் ஊர்ச் சட்டத்தையும் முன்கூட்டியே பாருங்கள். பிரிட்டனில் இதை வளர்க்க உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோளப்பாம்புக்குத் தடை. இந்தியாவில் சாரை, மண்ணுளி போன்ற உள்நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது குற்றம்; வெளிநாட்டுப் பாம்புகளுக்கு இறக்குமதி விதிகள் உண்டு. ஆவணம் இல்லாத பாம்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். கடத்தலில் மூச்சுமுட்டிச் சாகும் பாம்புகளின் விலையும் அதில் சேர்ந்திருக்கிறது.

வளர்ந்த பாம்புக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள கூண்டு வேண்டும். குஞ்சுக்குச் சிறிய பெட்டி போதும். எதுவானாலும் மூடிக்குப் பூட்டு அவசியம். தலை நுழையும் இடைவெளி கிடைத்தால் முழு உடலும் வெளியே வந்துவிடும். இரவில் விளிம்பு விளிம்பாக முட்டிப் பார்ப்பது இதன் வழக்கம்.

அடுத்து வெப்பம். பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. சூடு வேண்டும்போது ஒரு பக்கமும், வேண்டாதபோது மறுபக்கமும் ஊர்ந்து போய்ச் சமாளிக்கிறது. அதனால் கூண்டின் ஒரு முனையில் மட்டும் வெப்பம் கொடுங்கள். அங்கே தரைப்பரப்பு 30 முதல் 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 23, 24 டிகிரி. சூடு போதாவிட்டால் இரை செரிக்காது, விழுங்கியதைக் கக்கிவிடும். சூடு மிஞ்சினால் வயிறு வெந்து புண்ணாகும். அடியில் சுடுவதை உணர்ந்து உடனே விலகும் வழக்கம் பாம்புக்குக் குறைவு. எனவே தெர்மோஸ்டாட் இல்லாமல் வெப்பப் பாயை மின் இணைப்பில் செருகவே கூடாது. கடைகளில் விற்கும் சூடேறும் கல்லையும் வாங்காதீர்கள்.

இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள். ஒன்று மட்டும் இருந்தால், ஒளிந்துகொள்வதா, சூட்டைத் தேடுவதா என்று பாம்பு தவிக்கும். உடல் சுவரில் உரசும் அளவுக்குக் குறுகலாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. தரைக்கு ஆஸ்பன் மரச்சீவல், தென்னை நார்க்கழிவு, வெறும் காகிதம், எதுவும் ஆகும். தேவதாரு, பைன் மரச்சீவல்களின் எண்ணெய் ஆவி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு. தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் இருக்கட்டும்.

பாம்பு வந்த முதல் வாரம் அதைக் கையில் எடுக்க வேண்டாம். பிறகு இரை கொடுங்கள். குஞ்சுக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு பிங்கி, அதாவது மயிர் முளைக்காத எலிக்குஞ்சு. வளர்ந்ததற்குப் பத்து, பதினான்கு நாளுக்கு ஓர் எலி. பாம்பின் உடலில் பருத்த இடம் எவ்வளவோ அதே பருமன், மிஞ்சினால் ஒன்றரை மடங்கு. உறைய வைத்த எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் நீட்டுங்கள். உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடக்கூடும். இரை எடுத்தபின் இரண்டு நாள் தூக்காதீர்கள். பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி தோலில் இருக்கலாம்.

கண் நீலம் பாரித்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். ஈரப்பாசி போட்ட மறைவிடம் ஒன்றை அப்போது வையுங்கள். சட்டை ஒரே துண்டாகக் கழன்றால் எல்லாம் சரி.

இனப்பெருக்கத்துக்குப் போகுமுன் ஒரு கணக்கு: ஒரு பெண் பாம்பு பொதுவாக 10 முதல் 30 முட்டை இடும். அத்தனை குஞ்சுகளுக்கும் தனித்தனிப் பெட்டியும் இரையும், பின்னால் நல்ல வீடும் உங்களால் தர முடியுமா? தயக்கம் இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே பாம்பை நன்றாக வளர்ப்பது குறைவான காரியம் அல்ல.

தயார் என்றால், பெண்ணுக்கு மூன்று வயது, மூன்றடி நீளம், 300 கிராம் எடை என்ற மூன்றும் நிறைந்திருக்க வேண்டும். சிறு வயதில் சேர்த்தால் முட்டை வயிற்றில் சிக்கிச் சாகலாம். இணையின் மரபையும் விசாரியுங்கள். 1953-இல் வட கரோலினாவில் கறுப்பு நிறமி இல்லாத ஓர் ஆண் பாம்பு பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர் அதன் வழியில் இனம் பெருக்கி, அந்த நிறம் ஒடுங்கு மரபாகக் கடத்தப்படுவதைக் காட்டினார். இன்று விற்கும் சிவப்பு அல்பினோக்களின் கதை அங்கே தொடங்குகிறது. அழகான நிறத்தோடு கேடும் வரலாம்: சன்கிஸ்ட் எனும் நிற வழியில், தலையைத் திருகிக்கொண்டு தடுமாறும் ஸ்டார்கேசர் என்ற நரம்புக் குறை பரவியிருக்கிறது. மரபணுச் சோதனை இல்லாமல் அந்த வழியில் இனம் பெருக்குவது தவறு.

குளிர்காலத்தில் இரண்டு வாரம் இரையை நிறுத்தி, குடல் காலியான பின் 10 முதல் 15 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் உறங்க விடுவார்கள். தண்ணீர் மட்டும் இருக்கும். மெலிந்த, நோயுற்ற பாம்பை இதற்கு உட்படுத்தக் கூடாது. எழுந்ததும் நன்றாக இரை கொடுத்து, பெண் முதல் சட்டை உரித்த பிறகு ஆணோடு சேர்த்துவிடுங்கள். இணைசேர்ந்து ஒரு மாதம் போல் ஆனதும் பெண் மறுபடி சட்டை உரிக்கும். அதிலிருந்து ஏறக்குறைய பத்தாம் நாள் முட்டையிடும். ஈரப்பாசி நிறைத்த, துளையிட்ட டப்பாவை முன்பே உள்ளே வைத்துவிடுங்கள். பாதி முட்டையோடு நின்றுபோனால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே ஓடுங்கள்.

முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதை மென்மையான பென்சிலால் குறித்து, அப்படியே எடுத்து வையுங்கள். கோழி முட்டையைப் போலப் புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும். வெர்மிகுலைட்டும் தண்ணீரும் சம எடையில் கலந்து, பிழிந்தால் சொட்டாத பதத்துக்குக் கொண்டுவந்து, அதில் முட்டைகளைப் பாதி புதையுங்கள். 27, 28 டிகிரியில் இரண்டு மாதம் அளவில் பொரிக்கும். சூடு ஏறினால் முதுகு வளைந்த குஞ்சுகள் வரும். இரண்டாம் வாரம் டார்ச் அடித்துப் பார்த்தால் சிவந்த நரம்புகள் தெரியும். மஞ்சளாகச் சுருங்கியது கூமுட்டை. நல்ல முட்டையோடு ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்காமல் விடுங்கள். முட்டை இடையில் குழிந்தால் ஓரத்து வெர்மிகுலைட்டில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், முட்டை மேல் ஊற்றாதீர்கள். பொரிக்கும் நாள் நெருங்கும்போது குழிவது இயல்பு.

ஓட்டைக் கீறி மூக்கை நீட்டிய குஞ்சு, ஒரு நாளோ இரண்டு நாளோ உள்ளேயே இருந்து மஞ்சள் கருவை உறிஞ்சி முடிக்கும். இழுக்க வேண்டாம். வெளியே வந்ததும் ஒவ்வொன்றையும் தனிப்பெட்டியில் போடுங்கள், ஒன்றை ஒன்று விழுங்கக்கூடும். ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டை உரிக்கும். அதற்குப் பிறகே முதல் பிங்கி. மூன்று நான்கு முறை தானாக இரை எடுத்த குஞ்சை மட்டுமே பிறருக்குக் கொடுங்கள். பொரித்த தேதி, இரை எடுத்த நாட்கள், பெற்றோரின் நிற மரபு ஆகியவற்றை எழுதிய சீட்டும் அதோடு போகட்டும்.