கோதுமையும் குழந்தையும்: ஒரு குருதிச் சோதனையைப் பயிலுதல்

‘உணவே மருந்து’ என்பது நம் முன்னோர் கொள்கை. அவ்வுணவே சில குழந்தைகட்கு நோயாவதும் உண்டு. கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை ஏற்காத உடல், தன் சிறுகுடலையே தாக்குவது சீலியாக் நோய். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துவிடுவதால், உண்டும் குழந்தை தேறுவதில்லை.

அரிசி உண்ணும் திருவள்ளூர் மாவட்டத்தார்க்கு இச்செய்தி எதற்கு என வினவலாம். 2016-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வட இந்தியரில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், தென்னிந்தியரில் 0.10 பேரிடமும் காணப்பட்டது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலோ வடமாநிலத் தொழிலாளர் பலர் வாழ்கின்றனர். நம் இல்லங்களிலும் பரோட்டாவும் பிஸ்கட்டும் பெருகிவிட்டன. ஆகவே தீராத வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், வளர்ச்சிக் குறைவு, இரும்புச்சத்து மருந்துக்கும் அடங்காத சோகை ஆகியவற்றைப் ‘பூச்சித் தொல்லை’ என ஒதுக்குதல் தகாது.

இனி, அறிக்கையைக் காண்போம்.

முதலாவது, டி.டி.ஜி. - ஐ.ஜி.ஏ. எண். இதனை அவ்வாய்வகம் தந்துள்ள மேல்வரம்போடுதான் ஒப்பிட வேண்டும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரம்பு மாறும். வரம்பு 10 எனில், 14 என்பது ஐயத்துக்கு இடந்தருவது. 120 என்பது வலுவான சான்று.

இரண்டாவது, மொத்த ஐ.ஜி.ஏ. அளவு. பலரும் காணத் தவறும் வரி இதுவே. சில குழந்தைகட்கு இப்பொருள் இயல்பாகவே மிகக் குறைவு. அந்நிலையில் நோய் இருந்தும் முதல் எண் தாழ்ந்தே நிற்கும். ‘நோயில்லை’ என்ற முடிவு பொய்த்துவிடும். அவர்கட்கு ஐ.ஜி.ஜி. வகைச் சோதனை தேவை.

மூன்றாவது, ஈ.எம்.ஏ. சோதனை. முதல் எண் வரம்பைப்போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, மற்றொரு முறை எடுத்த குருதியில் ஈ.எம்.ஏ.யும் உறுதிப்பட்டால், குடல் திசுச் சோதனையின்றியே நோயை முடிவு செய்யலாம் என்பது 2020-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை. ஏனையோர்க்குத் திசுச் சோதனை வேண்டும். எது பொருந்தும் என்பதைக் குழந்தைக் குடலியல் மருத்துவரே முடிவு செய்வார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அறிக்கையைக் கண்ட அச்சத்தில் பெற்றோர் கோதுமையை உடனே நிறுத்திவிடுவர். அன்பினால் செய்வதே ஆயினும் அது பிழை. குளூட்டன் நின்றால் எதிர்ப்பொருள் குறையும். குடலும் ஆறத் தொடங்கும். அடுத்த சோதனை உண்மையை மறைக்கும். சோதனைகள் முடியும்வரை வழக்கமான உணவே தொடரட்டும்.

நோய் உறுதியானபின் மருந்து ஒன்றே: வாழ்நாள் முழுதும் குளூட்டன் விலக்கல். டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் கோதுமையே காரணம் என நிறுவினார். போரின் இறுதியில் ரொட்டி அரிதானபோது தேறிய குழந்தைகள், ரொட்டி மீண்டதும் நலிந்தமை அவர் கருத்துக்கு வலுவூட்டியது. மைதா, ரவை, சேமியாவோடு, மாவு கலந்த கூட்டுப் பெருங்காயத்தையும் தவிர்க்க வேண்டும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியன நமக்கு வாய்த்த பேறு. உடன்பிறந்தாரையும் பெற்றோரையும் சோதித்தல் நன்று.

மாணவர்காள்! ஆங்கிலத்தில் அச்சான அத்தாளைக் கையில் ஏந்தி, பொருள் விளங்காது நிற்கும் தாய் தமிழ் பேசுபவராயினும் இந்தி பேசுபவராயினும் நம் அண்டை வீட்டாரே. மருத்துவம் செய்வது நம் பணியன்று, மொத்த ஐ.ஜி.ஏ. பார்க்கப்பட்டதா என மருத்துவரிடம் கேட்கச் சொல்வது நம் கடமை. கற்ற எழுத்து பிறர்க்குப் பயன்படும் இடம் இதுவேயன்றோ!