பிரயாணத் தொழுகை: தூரமா, நேரமா?

பட்டாசு வியாபார நிமித்தம் சிவகாசி, விருதுநகர்ச் சகோதரர்கள் அடிக்கடி சென்னை செல்கின்றனர். "இரவு வண்டியேறினால் காலையில் சென்னை. அலுப்பில்லாத இப்பிரயாணத்திற்கும் கஸ்ரு உண்டா?" எனச் சிலர் நம்மிடம் கேட்கின்றனர்.

உண்டு. கஸ்ருக்குக் காரணம் பிரயாணமே, சிரமமன்று. ஹனபி மத்ஹபில் கூறப்படும் மூன்று நாள் நடைதூரத்தை நம் நாட்டு உலமாக்கள் 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டுள்ளனர். விருதுநகரிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கும் அதிகம். 2023-ல் வந்த வந்தே பாரத் ரயில் நேரத்தைக் குறைத்ததே தவிர, தூரத்தைக் குறைக்கவில்லை. மதுரையோ சுமார் 50 கிலோமீட்டர்தான். பஸ் எவ்வளவு தாமதித்தாலும் அங்கு முழுமையாகவே தொழ வேண்டும்.

ஊர் எல்லையைத் தாண்டிய பின்பே கஸ்ரு. சிவகாசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுமுன் இஷா தொழுதால் பர்ளு நான்கு ரக்அத். ஊர் கடந்து வண்டியில் தொழுதால் இரண்டு. ளுஹர், அஸரும் இவ்வாறே. ஸுப்ஹு, மக்ரிபில் மாற்றமில்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றுவோர் நான்கும் தொழ வேண்டும். சென்னையில் 15 நாட்கள் தங்க நிய்யத் வைத்தாலும் முழுத் தொழுகையே. ஷாபிஈ மத்ஹபில் இக்கெடு நான்கு நாட்கள். வந்த நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரா.

நான்கு கடமையான இடத்தில் இரண்டு தொழுதால் பர்ளு நிறைவேறாது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே தூரத்தையும் அறிந்துகொள்வோமாக!