விசா கெடு தாண்டியவர் மறுபடி விண்ணப்பிக்கும்போது



இண்டூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர், நம்மைப் போன்ற கடைக்காரர்களிடம்தான் முன்பணம் கேட்டு வருகிறார்கள். முன்பு போய், விசா முடிந்த பிறகும் தங்கிவிட்டுத் திரும்பியவர் மறுபடி புறப்படுகிறார் என்றால், பணத்தை எண்ணுவதற்கு முன் நாம் ஒன்று கேட்டாக வேண்டும்: "தம்பி, எப்படித் திரும்பினாய்? அதற்குக் காகிதம் வைத்திருக்கிறாயா?"

ஐக்கிய அரபு அமீரகத்தில் கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். ஓராண்டுக்கு 18,250 திர்ஹம் ஆகிறது. கட்ட வழியின்றி மறைந்து வாழ்ந்தவர்களுக்காக அந்நாட்டு அரசு 2024 செப்டம்பர் 1 முதல் பொதுமன்னிப்பு அளித்தது. அக்டோபர் 31ல் முடிய வேண்டியதை டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அதில் பதிந்து வெளியேறியவர்களுக்கு அபராதம் தள்ளுபடி. மீண்டும் வரத் தடையும் இல்லை. அவுட்பாஸ் என்று பையன்கள் சொல்லும் அந்த வெளியேறும் சீட்டு, பாக்கி தீர்ந்ததற்கு ரசீது மாதிரி. பிடிபட்டு நாடு கடத்தப்பட்டவர் கதை வேறு. அவர் மீது தடை இருக்கிறதா என்று விசாரிக்காமல் விமான டிக்கெட் வாங்கக்கூடாது.

இங்கேதான் தரகர்கள் குறுக்கு வழி சொல்கிறார்கள். புது பாஸ்போர்ட் எடு, இனிஷியலை மாற்று, முன்பு போனதே இல்லை என்று எழுது என்பார்கள். அங்கே கருவிழியையும் கைரேகையையும் பார்க்கிறார்கள். பெயர் மாறினாலும் கண் மாறுமா? பாஸ்போர்ட் வாங்க உண்மையை மறைத்தால் நம் நாட்டிலேயே 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை உண்டு. இப்படி ஒரு பையன் போய், இறங்கிய விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டான். நாம் கொடுத்த நாற்பதாயிரம் இன்னும் பேரேட்டில் நிற்கிறது. அன்று நாமும் கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 180 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் அனுமதியின்றித் தங்கி வெளியேறினால் 3 ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டும் தடை. குறைவான நாள் என்றாலும் பழைய விசா செல்லாது. சொந்த நாட்டில்தான் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் பொய் சொன்னது தெரிந்தால் ஆயுள் முழுவதும் தடை. தனி விலக்கு பெற்றால்தான் உண்டு. சரக்கு எடுக்கச் சீனா போகும் நம்மவர்களும் கவனிக்கவும்: அங்கே மீறல் கடுமையானால் நாளுக்கு 500 யுவான், அதிகபட்சம் 10,000 யுவான் அபராதம், அல்லது 5 முதல் 15 நாள் காவல்.

விண்ணப்பத்தில் வந்த தேதி, வெளியேறிய தேதி, தங்கிய காரணம் மூன்றையும் உள்ளபடி எழுதி, அபராத ரசீது, அவுட்பாஸ், நோய் என்றால் மருத்துவமனைக் காகிதம் இவற்றை இணைக்கவும். பழைய பாஸ்போர்ட்டை எறிய வேண்டாம். அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் தரகரிடம் கொடுக்கவும். அவருக்கு வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் இருக்கிறதா என்பதை ஈ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டே பணம் தரவும்.