சக்கரங்களின் மேல் இல்லம்: கைபேசி, இணையச் சேவையைத் தேர்ந்தெடுத்தல்

படுக்கையும் அடுப்பும் அமைந்த ஊர்தியையே இல்லமாகக் கொண்டு ஆண்டு முழுவதும் பயணிப்பது அமெரிக்காவில் நெடுநாளாக வேரூன்றிய வாழ்க்கைமுறை. நம் நாட்டிலும் கேரவன் பயணம் மெல்ல வளர்ந்து வருகிறது. கேரள அரசு 2021-இல் இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. பணி ஓய்வு பெற்றோரும், இணையவழிப் பணிபுரிவோரும் மாதக்கணக்கில் சாலையில் வாழ விரும்புகின்றனர். ஓய்வூதியம் எடுப்பது, சுங்கச்சாவடிக்கான ஃபாஸ்டேக், கடைகளில் யுபிஐ என அவர்களின் அன்றாடத் தேவைகள் பலவும் கைபேசி இணைப்பைச் சார்ந்தே அமைகின்றன. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை நாம் இங்கே காண்போம்.

இரு பணிகள், இரு எண்கள்

கைபேசி எண் நமக்கு இரு பணிகளைச் செய்கிறது. ஒன்று, நம்மை வங்கிக்கு அடையாளம் காட்டுவது. மற்றொன்று, இணையத் தரவைக் கொண்டுவருவது. முன்னதற்கு எண் இடையறாது உயிர்ப்புடன் இருத்தல் வேண்டும். பின்னதற்குச் செல்லும் இடங்களில் நல்ல சிக்னல் வேண்டும். ஓரூரில் வாழ்வோருக்கு ஒரே எண் போதும். ஊர் ஊராகச் செல்வோர் இவ்விரண்டையும் பிரித்துக்கொள்வது நலம். இரு சிம் பொருத்தும் கைபேசி இதற்கு ஏற்றது.

வங்கியில் பதிவான எண்

தொண்ணூறு நாட்கள் எவ்விதப் பயன்பாடும் இன்றிக் கிடக்கும் பிரீபெய்டு எண் துண்டிக்கப்படலாம். அவ்வாறு துண்டிக்கப்பட்ட எண் சில காலத்திற்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படும். வங்கிப் பதிவை நாம் மாற்றாமல் விட்டிருந்தால், நம் கணக்கைப் பற்றிய குறுஞ்செய்திகளும் ஓடிபியும் அவரைச் சென்றடையும். ஆகவே, இந்த எண்ணை ஒருபோதும் காலாவதியாக விடலாகாது.

இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. தரவு இன்றி, அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என 2024 டிசம்பரில் டிராய் விதித்தது. சிறப்புத் திட்டங்களின் உச்சக் காலவரம்பையும் 90 நாட்களிலிருந்து 365 நாட்களாக உயர்த்தியது. நீண்ட காலத் திட்டம் ஒன்றைப் புறப்படும் முன்பே செலுத்திவிடுதல் நன்று.

தரவுக்கான எண்

இரண்டாம் எண் வேறொரு நிறுவனத்தினுடையதாக இருத்தல் வேண்டும். இரண்டும் ஒரே நிறுவனத்தினுடையவை எனில், ஒன்றுக்குச் சிக்னல் கிட்டாத இடத்தில் மற்றதற்கும் கிட்டாது. விளம்பரங்களில் காணும் வேகத்தை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்கலாகாது. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ் அலைவரிசைகள் நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை மிகுந்த வேகம் தரும். ஆனால் அதன் எல்லை குறுகியது. நகரில் விரைந்தோடும் 5ஜி, காட்டுச்சாலையில் காணாமற்போவது இதனாலேயே. நிறுவனங்களின் இணையதளங்களிலுள்ள சேவைப்பரப்பு வரைபடத்தை நம் வழித்தடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஊர்தியின் உலோக உடல் சிக்னலைக் குறைக்கும். கூரையில் ஆன்டெனா பொருத்தும் வசதியுள்ள 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர் இதற்குத் தீர்வாகும். ஆனால், சிக்னல் பூஸ்டர் எனச் சந்தையில் விற்கப்படும் கருவிகளை நாமாக வாங்கிப் பொருத்துதல் நம் நாட்டில் சட்டத்திற்குப் புறம்பானது. அவை அருகிலுள்ள பிறரின் இணைப்பையும் கெடுக்கும்.

வடக்கே செல்வோர் கவனத்திற்கு

பிற மாநிலங்களின் பிரீபெய்டு எண்கள் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் இயங்குவதில்லை. போஸ்ட்பெய்டு எண்கள் இயங்கும். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை தேசிய நெடுஞ்சாலை 44 வழியே செல்வோர், வங்கியில் பதிவான எண்ணையேனும் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னதாகப் போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். இல்லையெனில் ஜம்முவை அடைந்ததும் ஓடிபி வருவது நின்றுபோகும்.

இணைப்பு இல்லாத வேளையில்

இணையம் இன்றி, கைபேசிச் சிக்னல் மட்டும் உள்ள இடங்களில் *99# சேவையின் வழியே ரூ. 5,000 வரை பணம் அனுப்பலாம். நம் எண்ணில் இச்சேவை இயங்குகிறதா என்பதை வீட்டிலேயே ஒருமுறை சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். மணாலி–லே சாலை போன்று நெடுந்தொலைவு சிக்னலே இல்லாத வழிகளில் கைப்பணமே துணை.

சிம் தொலைந்தால் முதலில் வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்திற்கும் தெரிவித்து, அட்டைகளையும் எண்ணையும் முடக்குதல் வேண்டும். தொலைந்த கைபேசியைச் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியே முடக்கலாம். மாற்று சிம் பெற்ற பின்னும் முதல் 24 மணி நேரம் அதில் குறுஞ்செய்தி வாராது. மோசடியைத் தடுப்பதற்கான ஏற்பாடு இது. அந்த ஒரு நாளுக்கு ஓடிபி இன்றியே செலவை நடத்த வேண்டியிருக்கும். தம்பதியராகப் பயணிப்போர் இருவரும் தத்தம் பெயரில் கணக்கும், வெவ்வேறு நிறுவனங்களின் எண்களும் கொண்டிருந்தால் இச்சூழலை எளிதில் கடக்கலாம். பணம் களவு போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும்.

புறப்படும் முன்

பதிவான எண், மின்னஞ்சல், முகவரி ஆகியவற்றை வங்கிக் கிளையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கில் போதிய இருப்பு வையுங்கள். வங்கியின் உதவி எண்ணைக் கைபேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி, ஊர்தியில் ஓரிடத்தில் வைத்திருங்கள். கைபேசி தொலைந்த நாளில் உங்களுக்குத் தேவைப்படும் முதல் எண் அதுவே.